வீட்டிலிருந்தே சொந்தத் தொழில்: நாள் முழுக்க உட்கார்ந்தும் ஏன் எதுவும் முடிவதில்லை?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன், சரியா என்று பாருங்கள். கொச்சி காக்கநாட்டில் மென்பொருள் கம்பெனி வேலையை விட்டுவிட்டுத் தேனி மாவட்டக் கூடலூருக்கே திரும்பி ஒரு வருடம் ஆகிறது. குமுளி, தேக்கடிப் பக்கம் ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களுக்கும் ஏலக்காய்க் கடைக்காரர்களுக்கும் இணையதளம், அறை பதிவு செய்யும் மென்பொருள் எல்லாம் செய்து கொடுக்கிறீர்கள். காலை 9 மணிக்கு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தால் இரவு 11 வரை அங்கேதான். இருந்தும் வாரக் கடைசியில் பார்த்தால் எதுவும் முடிந்தபாடில்லை. எந்த ஆப் நல்லது, காலை 4 மணிக்கு எழுந்தால் சரியாகுமா, வீட்டில் ஆளாளுக்கு வேலை சொல்வதை எப்படிச் சமாளிப்பது, மறுபடி கம்பெனிக்கே போய்விடலாமா என்று நான்கு கேள்வி. நடுவில் ஜிஎஸ்டி பற்றி ஒரு வரி. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி என்று எனக்குப் படுகிறது: கம்பெனியில் எட்டு மணி நேரத்தில் முடிந்த வேலை, வீட்டில் பதினாலு மணி நேரத்திலும் ஏன் முடிவதில்லை? அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் கம்பத்தில் வீட்டின் முன்னறையிலேயே வரிக் கணக்கு பார்க்கிறேன். ஜிஎஸ்டிக்கு முந்தைய சேல்ஸ் டாக்ஸ், சி ஃபாரம் காலத்திலிருந்து இதே தொழில்தான். மனோதத்துவம் படித்தவள் இல்லை. ஆனால் சொந்தத் தொழில் செய்கிற பலருடைய வரவு செலவு வருடா வருடம் என் மேஜைக்கு வருகிறது: ஏலக்காய் வியாபாரி, ஜீப் வைத்திருப்பவர், தையல்காரம்மா, விடுதிக்காரர், உங்களைப் போலக் கணினி வேலை செய்கிற பிள்ளைகள். ஒருவர் நேரத்தை எப்படிச் செலவழிக்கிறார் என்பது அவருடைய பில் புத்தகத்தில் ஓரளவு தெரிந்துவிடும். எந்தத் தேதியில் பில் போட்டார், எந்தத் தேதியில் பணம் வந்தது, எந்த மாதம் ஒன்றுமே இல்லை என்று பார்த்தாலே போதும். அந்தப் பழக்கத்தில் கிடைத்ததையும், இந்த விஷயத்தில் ஆர்வம் வந்து தேடிப் படித்ததையும் வைத்து எழுதுகிறேன்.

விடிகிற நேரத்தில் கம்பத்திலோ கூடலூரிலோ தெருவில் நின்று பார்த்திருப்பீர்கள். தூக்குவாளியோடு பெண்கள் நிற்பார்கள், ஜீப் வரும், ஏறுவார்கள், கம்பம்மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ இடுக்கி ஏலத்தோட்டத்துக்குப் போவார்கள். அவர்களில் யாரும் கவனத்தைக் குவிப்பது எப்படி என்று கேட்டு நான் பார்த்ததில்லை. அவர்களுக்கு மனஉறுதி அதிகம் என்பதாலா? ஜீப் ஐந்தே முக்காலுக்கு வருகிறது, அவ்வளவுதான். அது சுகமான வாழ்க்கை என்று சொல்ல வரவில்லை. அளவுக்கு மேல் ஆள் ஏற்றிக்கொண்டு அந்த வளைவுகளில் போவதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். சொல்ல வந்தது வேறு. கம்பெனியில் உங்களுக்கும் ஒரு ஜீப் இருந்தது. காலை மீட்டிங், மேனேஜர், பக்கத்து இருக்கைக்காரர், வெள்ளிக்கிழமைக்குள் முடிய வேண்டும் என்ற பேச்சு. அப்போது அது தொல்லையாக இருந்திருக்கும். உங்கள் கவனத்தில் பாதியை அதுதான் சுமந்துகொண்டிருந்தது. வேலையை விட்டபோது அதையும் சேர்த்து விட்டுவிட்டீர்கள். அந்த இடத்தில் வேறு எதையும் வைக்கவில்லை.

இதை நான் இவ்வளவு உறுதியாகச் சொல்ல என் தொழிலே காரணம். எங்களுக்குத் தேதியை அரசாங்கம் வைத்துவிடுகிறது. மாதாமாதம் 7-ஆம் தேதி டிடிஎஸ், அதாவது பிடித்து வைத்த வருமான வரியைக் கட்ட வேண்டும், 11-ஆம் தேதி ஜிஎஸ்டி விற்பனை ரிட்டன், 20-ஆம் தேதி வரி கட்டி 3பி என்ற ஜிஎஸ்டி ரிட்டன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுகிறவர்களுக்கு தமிழ்நாடு, கேரளா உள்ளிட்ட நம் பக்க மாநிலங்களில் 22-ஆம் தேதி. தவறினால் 3பிக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், விற்பனையே இல்லாத மாதமென்றால் 20 ரூபாய். பெரிய தொகை ஒன்றும் இல்லை. ஆனால் லட்சக்கணக்கில் புரட்டுகிற ஏலக்காய்க்காரர்கூட 19-ஆம் தேதி ராத்திரி பில் கட்டோடு என் வாசலுக்கு வந்துவிடுகிறார். அதே மனிதர் தனக்கு வரவேண்டிய பாக்கியைக் கேட்டு ஒரு போன் போடுவதை ஆறு மாதம் தள்ளிப்போடுவார். ஒரே ஆள், ஒரே மூளை. தேதி வெளியிலிருந்து வந்தால் ஓடுகிறார், தானே வைத்துக்கொண்டால் நகர்வதில்லை.

ஆராய்ச்சியிலும் இதற்கு ஆதாரம் உண்டு. 2002-இல் டான் ஏரியலி, கிளவுஸ் வெர்டன்ப்ராக் என்ற இருவர் வெளியிட்ட சோதனையில், பிழை திருத்தும் வேலையை மூன்று குழுக்களுக்குக் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்குச் சீரான இடைவெளியில் தேதி வைத்தார்கள். இன்னொன்று தன் தேதியைத் தானே வைத்துக்கொண்டது. மூன்றாவதற்குக் கடைசியில் ஒரே தேதி. அதிகப் பிழைகளைப் பிடித்ததும் குறைவாகத் தாமதித்ததும் முதல் குழு, நடுவில் வந்தது இரண்டாவது, மோசமானது மூன்றாவது. ஏரியலி சேர்ந்து எழுதிய வேறொரு கட்டுரை, 2012-இல் வந்தது, தரவுக் கோளாறால் 2021-இல் திரும்பப் பெறப்பட்டது. அதனால் அவர் பெயரைக் கேட்டாலே சிலர் முகம் சுளிப்பார்கள். நானும் இந்த ஒரு சோதனையை மட்டும் நம்பிச் சொல்லவில்லை. என் வாடிக்கையாளர்களின் பேரேடு அதையேதான் சொல்கிறது.

ஆகவே முதல் வேலை, உங்கள் தேதிகளை வெளியாள் கையில் கொடுப்பது. "அடுத்த வாரம் முடிச்சுத் தர்றேன் சேட்டா" என்று சொன்னால் அது தேதியே இல்லை. "வியாழன் சாயங்காலம் 4 மணிக்கு முதல் பக்கமும் அறைப் படங்களும் உங்க வாட்ஸாப்புக்கு வரும், நீங்க வெள்ளிக்கிழமைக்குள்ள பார்த்துச் சொல்லணும்" என்பது தேதி. முழு வேலைக்கும் ஒரே தேதி வைக்காதீர்கள், மூன்று நான்கு துண்டாக உடையுங்கள். பணத்தையும் அதோடு சேர்த்து உடையுங்கள்: தொடங்கும்போது ஒரு பங்கு, நடுவில் ஒரு பங்கு, ஒப்படைக்கும்போது மீதி. நடுப்பங்கு வர வேண்டுமென்றால் நடுத்துண்டு போயாக வேண்டும், அப்போது கை தானாக வேகமெடுக்கும். வாடிக்கையாளர் கேட்காத வேலை ஏதாவது இருந்தால், உங்கள் சொந்த இணையதளம் மாதிரி, அதற்கு ஒரு நண்பரைப் பிடியுங்கள். அவரும் தனியாக வேலை செய்கிறவராக இருந்தால் நல்லது. ஞாயிறு மாலை ஒரு போன். போன வாரம் சொன்னதில் எது முடிந்தது, எது முடியவில்லை, அவ்வளவுதான் பேச்சு. ஊர்க்கதை வந்துவிட்டால் போனை வைத்துவிடுங்கள்.

தேதி வைப்பதில் ஒரு ஆபத்து உண்டு. நாம் எல்லாருமே நேரத்தைக் குறைத்துத்தான் மதிப்பிடுகிறோம். இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இலேயே இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். 1994-இல் வந்த ஒரு ஆய்வில், கல்லூரி மாணவர்களிடம் ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 33.9 நாள் என்றார்கள். ஆனது 55.5 நாள். இதில் வேடிக்கை, எல்லாமே தப்பாகப் போனால் எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்கு அவர்கள் சொன்னது 48.6 நாள். மோசமாகப் போனால் இவ்வளவுதான் என்று நினைத்ததைவிடவும் நிஜம் நீளமாக இருந்திருக்கிறது. அதனால் மனதில் தோன்றும் கணக்கை ஒன்றரை மடங்காக்கி, அதற்குப் பிறகு தேதி சொல்லுங்கள். இன்னும் நல்ல வழி, போன முறை இதே மாதிரி வேலைக்கு எத்தனை மணி நேரம் ஆனது என்று பார்ப்பது. அதைப் பார்க்க எழுதி வைத்திருக்க வேண்டும். உங்களிடம் அப்படி எதுவும் இல்லை என்று நினைக்கிறேன்.

இங்கேதான் என் தொழில் புத்தி வருகிறது. ரொக்கத்துக்கு நாள்வழி எழுதுவதுபோல நேரத்துக்கும் எழுதுங்கள். ஆப் வேண்டாம், நாற்பது பக்க நோட்டு போதும். உட்காரும்போது நேரம், எழும்போது நேரம், யாருக்காக, என்ன வேலை. இந்த நான்கும் மட்டும். மூணாறு ரிசார்ட்காரர் லோகோ நிறம் பற்றி அரை மணி நேரம் போனில் பேசினால் அதையும் எழுதுங்கள். யூடியூப் பார்த்தால் அதையும் எழுதுங்கள், யாரும் பார்க்கப்போவதில்லை. இரண்டு வாரம் எழுதியபின் வாடிக்கையாளர் வாரியாகக் கூட்டுங்கள், பேரேட்டில் ஏற்றுவதைப் போல. அந்த நேரத்தில் வந்த பணத்தை மணிக்கணக்கால் வகுங்கள்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. ஒரு இணையதளத்துக்கு 18,000 ரூபாய் பேசியிருக்கிறீர்கள், 40 மணி நேர வேலை என்று நினைத்து. மணிக்கு 450 ரூபாய், பரவாயில்லை. ஆனால் விலை பேசப் போனது, படம் கேட்டு நச்சரித்தது, "அந்தப் பச்சையைக் கொஞ்சம் மாத்திப் பாருங்க" என்று ஏழு தடவை மாற்றியது, பாக்கிக்கு அலைந்தது எல்லாம் சேர்த்து 25 மணி நேரம். மொத்தம் 65. மணிக்கு 277 ரூபாய்க்கும் கீழே இறங்கிவிட்டது. இப்படி மூன்று பேர் கையில் இருந்தால் நீங்கள் இரவு 11 வரை உட்காராமல் வேறு என்ன செய்வீர்கள்? என்னிடம் வந்து "மேடம், எனக்குக் கவனமே இல்லை" என்று சொன்னவர்களில் பலருக்குக் கவனம் நன்றாகவே இருந்தது. விலைதான் தப்பாக இருந்தது. குறைந்த விலைக்கு நிறைய ஆளைப் பிடித்துவிட்டு, எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தார்கள். எத்தனை மாற்றம் இலவசம், அதற்கு மேல் எவ்வளவு என்று முதல் நாளே எழுத்தில் கொடுத்தால், பச்சையை மாற்றச் சொல்லும் ஆசை பலருக்கு அடங்கிவிடுகிறது.

அடுத்து போன். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால் முந்தைய வேலையின் மிச்சம் மனதில் தங்கி அடுத்ததைக் கெடுக்கிறது என்று சோஃபி லெராய் 2009-இல் காட்டினார். அதுவும் முந்தையதை அரைகுறையாக விட்டு வந்தால் கூடுதல். இதை நான் நம்புகிறேன், ரிட்டன் போடும்போது ஒரு போன் வந்தால் எந்த பில் வரை ஏற்றினோம் என்பதே மறந்துபோகும். ஆனால் ஒரு குறுக்கீட்டிலிருந்து மீள 23 நிமிடம் ஆகும் என்று எங்கே பார்த்தாலும் எழுதுகிறார்களே, அந்த எண்ணை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. என்ன வேலை, என்ன குறுக்கீடு என்பதைப் பொறுத்து அது மாறும். குளோரியா மார்க் என்ற ஆய்வாளர் பல வருடமாக மனிதர்கள் வேறொன்றுக்குத் தாவாமல் ஒரே திரையைப் பார்க்கும் நேரத்தை அளந்து வருகிறார். 2004 வாக்கில் சராசரி இரண்டரை நிமிடம், பிந்தைய வருடங்களில் 47 விநாடி அளவுக்கு இறங்கிவிட்டது என்கிறார். நமக்கு மட்டும் வந்த வியாதி இல்லை, அதுவரை ஆறுதல்.

போனை அணைத்து வையுங்கள் என்று நகரத்து ஆலோசகர்கள் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். நம் பக்கத்தில் வாட்ஸாப்தான் கடைவாசல், அதை மூடினால் வியாபாரம் போய்விடும். அதனால் மூடாதீர்கள், நேரம் வையுங்கள். காலையில் உட்கார்ந்ததும் வாட்ஸாப்பைத் திறக்காமல் இரண்டு மணி நேரம், கையில் இருப்பதிலேயே கஷ்டமான வேலையைச் செய்யுங்கள். அப்புறம் 11.30-க்கு ஒருமுறை, சாயங்காலம் 4 மணிக்கு ஒருமுறை எல்லாருக்கும் பதில். இதை வாடிக்கையாளர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "அவசரம்னா கூப்பிடுங்க, மத்ததுக்கு மெசேஜ் போடுங்க, பதினொன்றரைக்குப் பதில் வந்துடும்." மெசேஜ் போடுவதற்கு யோசிக்காதவர்கள் கூப்பிடுவதற்கு யோசிப்பார்கள். போன் பக்கத்தில் இருந்தாலே மூளை மந்தமாகும் என்று 2017-இல் ஒரு ஆய்வு வந்தது. பிறகு செய்து பார்த்தவர்களுக்கு அதே முடிவு எப்போதும் கிடைக்கவில்லை. இருந்தாலும் அடுத்த அறையில் வைப்பதற்குக் காசா பணமா, வைத்துப் பாருங்கள்.

காலை 4 மணி விஷயம். 9 மணிக்குத் தூங்கினால் தாராளமாக எழுந்திருங்கள். 11 மணி வரை உட்கார்ந்துவிட்டு 4 மணிக்கு எழுந்தால் கெடுதல்தான், இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 2003-இல் வந்த ஒரு முக்கியமான தூக்க ஆய்வில், இரண்டு வாரம் தினமும் ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களின் கவனம், ஒன்றிரண்டு இரவு முழுக்கத் தூங்காதவர்களின் அளவுக்குச் சரிந்தது. தாங்கள் அவ்வளவு மோசமாக இருப்பது அவர்களுக்கே தெரியவில்லை. உங்களுக்கு முக்கியம் எழும் நேரமல்ல, வேலை தொடங்கும் நேரம் தினமும் ஒன்றாக இருப்பதும் முடிக்கும் நேரம் என்று ஒன்று இருப்பதும். ராத்திரி 11 வரை நேரம் இருக்கிறது என்று தெரிந்தால் பகல் 2 மணிக்கு யார் அவசரப்படுவார்கள்? 6.30-க்கு லேப்டாப்பை மூடுங்கள். முதல் பத்து நாள் பதறும். பிறகு மதிய வேலையின் வேகம் மாறுவதை உங்கள் நோட்டே காட்டும்.

ஆப் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்ற முறையை 1980-களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர் தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்து உருவாக்கினார். தொடங்கத் தயங்குகிறவருக்கு அது உதவும், ஆனால் 25-இல் மந்திரம் ஒன்றும் இல்லை. நிரல் எழுதுகிறவருக்கு அது நடுவில் எழுப்பிவிடுவதாகக்கூட இருக்கலாம், அது என்னைவிட உங்களுக்குத் தெரியும். 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்பதும் அப்படித்தான். லண்டனில் செய்த ஒரு ஆய்வில் 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆனது, நடுமட்டம் 66. எனவே மூன்று வாரத்தில் வரவில்லை என்று விட்டுவிடாதீர்கள். உறுதியான ஆதாரம் உள்ள ஒரு சின்ன உத்தி உண்டு: "நாளை நிறைய வேலை செய்வேன்" என்பதற்குப் பதிலாக "காபி டம்ளரைக் கழுவி வைத்ததும் உட்கார்ந்து, பணம் செலுத்தும் பக்கத்துக்கான நிரலைத் திறப்பேன்" என்று எப்போது, எது என்பதை முந்தின நாளே தீர்மானித்து விடுவது. பீட்டர் கோல்விட்ஸரும் பாஸ்கல் ஷீரனும் 2006-இல் 94 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து இது கணிசமாகப் பலன் தருகிறது என்றார்கள்.

வீடு. "வீட்டுலதான இருக்க, கேஸ் வாங்கிட்டு வந்துடு" என்ற குரலுக்கு மறுப்புச் சொன்னால் சண்டை வரும், செய்தால் வேலை போகும். மறுக்காமல் நேரத்தை மட்டும் மாற்றுங்கள்: "சரிம்மா, ரெண்டு மணிக்கு மேல போறேன்." மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரத்தை வீட்டு வேலைக்கென்றே ஒதுக்கிவிட்டால், சொல்கிறவர்களும் சேர்த்து வைத்து அந்த நேரத்தில் சொல்லப் பழகிவிடுவார்கள். நான் வாசலில் 10 முதல் 1 வரை, 3 முதல் 6 வரை என்று ஒரு பலகை மாட்டியிருக்கிறேன். வாடிக்கையாளர்கள் அதை மதிப்பதில்லை. உறவுக்காரர்கள் மதிக்கிறார்கள்! பலகை மாட்டினால்தான் நம் ஊரில் அது தொழில். லுங்கியோடு கட்டிலில் உட்கார்ந்து லட்ச ரூபாய் சம்பாதித்தாலும் சும்மா இருப்பதாகத்தான் கணக்கு. முடிந்தால் வாசலுக்கு நேராகத் திறக்கும் அறையை எடுத்துக்கொள்ளுங்கள், சட்டை போட்டுக்கொண்டு உட்காருங்கள். இதில் உங்களுக்குப் பாதி சுலபம், தம்பி. வீட்டிலிருந்தே தைக்கும் பெண்கள் என்னிடம் கணக்குக்கு வருகிறார்கள். அவர்களுக்கு அடுப்பும் பள்ளிக்கூட மணியும் போக மிஞ்சுவதுதான் வேலை நேரம். பெரும்பாலும் பிள்ளைகள் தூங்கியபின்.

எல்லைப்புறத்தில் தொழில் செய்கிறவர்கள் ஒரு நாளைத் திட்டமிடுவதைவிட ஒரு வருடத்தைத் திட்டமிடுவது முக்கியம் என்பது என் அனுபவம். இதைப் பொதுவான ஆலோசனைகளில் பார்க்க முடியாது. உங்கள் வாடிக்கையாளர்கள் மலைக்கு மேலே கேரளக் காலண்டரில் வாழ்கிறார்கள், நீங்கள் கீழே தமிழ்நாட்டுக் காலண்டரில். ஓணம் வந்தால் குமுளியில் யாரும் உங்கள் மெசேஜைப் பார்க்க மாட்டார்கள், பொங்கலுக்கு நீங்கள் கிடைக்க மாட்டீர்கள். அங்கே திடீரென்று ஹர்த்தால் அறிவித்தால் அன்றைய சந்திப்பு போச்சு. கார்த்திகை முதல் தேதியிலிருந்து மகரவிளக்கு வரை ஐயப்ப பக்தர்களின் வண்டி வரிசையில் குமுளி சாலை ஒருவழிப் பாதையாகி, போவது ஒரு மெட்டு (மலைப்பாதை), வருவது ஒரு மெட்டு என்று சுற்றிவிடுவார்கள். அந்த நாட்களில் நேரில் போய்ப் பேசலாம் என்று நினைத்தால் ஒரு நாள் முழுக்கச் சாலையிலேயே போய்விடும். விடுதிக்காரர்களுக்கு டிசம்பரிலும் கோடை விடுமுறையிலும் மூச்சு விட நேரம் இருக்காது. அப்போது படம் அனுப்புங்கள், விலைப்பட்டியல் அனுப்புங்கள் என்று கேட்டால் வராது. உங்கள் வேலை நிற்கும், பழி உங்கள் கவனத்தின் மேல் விழும். சீசனுக்கு முன்னால், ஜூன் ஜூலை மழையில் அறைகள் காலியாகக் கிடக்கும்போது அவர்களைப் பிடித்து உட்கார வைத்து எல்லாவற்றையும் வாங்கிவிடுங்கள்.

ஏலக்காய்க்காரர்கள் வேறு மாதிரி. ஆடி ஆவணியில் காய் பறிப்பு தொடங்கித் தை மாசி வரை சுற்று சுற்றாக வரும். புத்தடியிலும் போடியிலும் நடக்கும் ஏலத்தில்தான் அவர்கள் மனசு இருக்கும். ஏலம் நடக்கிற நேரத்தில் கூப்பிட்டால் ஆமாம் ஆமாம் என்று சொல்லிவிட்டு மறந்துவிடுவார்கள். ஆனால் பணம் புழங்குவதும் அந்தக் காலத்தில்தான். எனவே அவர்களுடைய பில்லை அப்போது போடுவதுபோல வேலையை வைத்துக்கொள்ளுங்கள். மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை என்று முன்கூட்டியே அறிவிக்கிறதே, அதுவும் பயனுள்ள தேதிதான். காலையிலிருந்து சாயங்காலம் வரை மின்சாரம் இல்லாத அந்த நாளில்தான் நான் பாக்கி வசூலுக்குக் கிளம்புவேன்.

ஜிஎஸ்டி பற்றி ராத்திரி உட்கார்ந்து தேடிக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தீர்கள். அந்த நேரத்தை மிச்சப்படுத்திவிடுகிறேன். வேறு மாநிலத்துக்குப் பொருள் விற்றால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும் என்பது பொது விதி. நீங்கள் விற்பது சேவை. சேவைக்கு, வாடிக்கையாளர் கேரளாவில் இருந்தாலும், நாடு முழுக்கச் சேர்த்த வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை பதிவு கட்டாயமில்லை என்று 2017 அக்டோபரிலேயே விலக்கு கொடுத்துவிட்டார்கள். அந்த அளவை நெருங்கும்போது உங்கள் ஆடிட்டரிடம் பேசினால் போதும். இதைச் சும்மா சொல்லவில்லை. கஷ்டமான வேலை முன்னால் இருக்கும்போது வரி விதி, புது ஆப், கீபோர்டு விலை என்று தேடுவதும் ஒருவகையில் தப்பித்தல். வேலை செய்வதுபோலவே இருக்கும், அதனால் குற்ற உணர்வும் வராது. அதையும் நோட்டில் எழுதுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் பழக்கமும் கணக்கும் சரியில்லாததால் வரும் சிக்கலுக்கு. பள்ளிக்கூட நாளிலிருந்தே எதையும் முடிக்க முடியாமல், பொருளைத் தொலைத்துக்கொண்டு, கம்பெனியிலும் இதே பாடுதான் என்றால் அது வேறு விஷயம். அது ஏடிஎச்டி என்ற கவனக் குறைபாடாக இருக்கலாம், பெரியவர்களுக்கும் வரும், சிகிச்சை உண்டு. முன்பு பிடித்த எதுவுமே இப்போது பிடிக்கவில்லை, தூக்கமும் பசியும் கெட்டுவிட்டது என்றாலும் நோட்டுப் புத்தகம் உதவாது. மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அந்த எல்லையைத் தாண்டி நான் பேசக் கூடாது.

கடைசியாக, கம்பெனிக்குத் திரும்புவதா என்ற கேள்வி. இதை இப்போது தீர்மானிக்காதீர்கள், கணக்கு இல்லாமல் எடுக்கிற முடிவாகப் போய்விடும். ஒரு சீசனும் ஒரு மழைக்காலமும் அடங்குகிற மாதிரி நேரக் கணக்கு எழுதுங்கள். பழைய சம்பளத்திலிருந்து காக்கநாட்டு வாடகையையும் சாப்பாட்டுச் செலவையும் கழித்து, ஆபீஸ் நேரத்தோடு போக்குவரத்து நெரிசலில் உட்கார்ந்த நேரத்தையும் சேர்த்து வகுத்தால் உங்கள் பழைய மணிக்கூலி வரும். அதையும் இப்போதைய மணிக்கூலியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இப்போதையது பாதிகூட இல்லை, விலையை ஏற்றியும் ஏறவில்லை என்றால் திரும்பிப் போவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. என்னிடம் கணக்கு பார்த்தவர்களில் அப்படிப் போனவர்கள் இருக்கிறார்கள், நன்றாகவே இருக்கிறார்கள். வாரத்தில் சில நாள் ஒரு கம்பெனிக்கு, மீதி நாள் சொந்த வேலை என்று நடுவழியில் நிற்பவர்களும் உண்டு.

முதல் இரண்டு வாரக் கணக்கு முடிந்ததும் எண்களோடு எழுதுங்கள். வாடிக்கையாளர் பெயர் வேண்டாம், அ, ஆ, இ என்று போட்டு எதிரில் மணி நேரமும் வந்த பணமும் இருந்தால் போதும். யாரிடம் விலையை ஏற்றலாம், யாரை மரியாதையாக விட்டுவிடலாம் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன். 20-ஆம் தேதிக்கு முந்தின மூன்று நாள் மட்டும் பதில் எதிர்பார்க்காதீர்கள்.